கரும்புகைக்குப் பன்னிரண்டு கட்டம்

இருபத்தாறு வருஷம் கலிஃபோர்னியாவின் மலையடிவாரத்தில் தபால் ஜீப் ஓட்டினாள் ஆர்லீன் பெட்டன்கோர்ட். ஒரு நாய்கூட அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. சனி, ஞாயிறுகளில் அருங்காட்சியக ரயிலின் பழைய டீசல் எஞ்சினை ஓட்ட ஆரம்பித்ததும் கதை மாறியது. மலைத்திருப்பத்தில் நாற்பது பேர் காமிராவோடு நிற்பார்கள். அவள் விசைப்பிடியை முதல் படியிலிருந்து ஒரே இழுப்பில் ஆறாம் படிக்குத் தள்ளுவாள். எண்ணெய் முந்திக்கொண்டு பாயும். காற்றை உந்தும் டர்போ அப்போதுதான் கண் விழிக்கும். அந்த இடைவெளியில் வானத்தில் ஒரு கறுப்பு மரம் முளைக்கும். கூட்டம் கைதட்டும். புகை ராணி என்று அவளுக்குப் பேர்.

மரத்தின் நிழல் கீழே புதிதாக வந்த வீடுகளின் மேல் விழுந்தது. யாரோ புகார் கொடுத்தார்கள். மாவட்டக் காற்று வாரியம் கடிதம் போட்டது: ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் கரும்புகை வந்தால் ஓட்டக் கூடாது.

"உள்ள இருக்கிறத எடுத்துட்டுப் புது எஞ்சின் போட்டுடலாமே?" என்று ஆர்லீன் கேட்டாள்.

மெக்கானிக் லைல் சிரித்தான். "போடலாம். பாதிக்கு மேல புதுசானா சட்டத்துக்கு இது புது வண்டி. இன்னிக்குப் பொறந்த வண்டிக்கு என்ன விதியோ அதே விதி இந்த எழுபது வயசுக் கிழவிக்கும். நம்மால முடியாது. நீ கையை அடக்கு, அது போதும்."

சோதனை சனிக்கிழமை காலை. வாரியத்திலிருந்து வந்த மாய் வாங், நிலையமும் திருப்பமும் ஒருசேரத் தெரியும் மேட்டில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்றாள். வெறும் கண்ணால் புகையின் கருமையை அளக்கப் பயின்றவள். பதினைந்து நொடிக்கு ஒரு கட்டம். புகை கறுப்பென்றால் கட்டத்தில் ஒரு கோடு. பன்னிரண்டு கோடு வரை சரி, பதிமூன்று விழுந்தால் முடிந்தது. பக்கத்தில் லைல், கையில் ரேடியோ.

குளிர்ந்து கிடந்த எஞ்சின் இருமி எழுவதற்குள்ளேயே லைல் சொன்னான்: "ஒம்பது போச்சு ஆர்லீன்."

"ஒம்பதா? இன்னும் நகரவே இல்லையே."

"அதான் சொல்றேன். மூணுதான் மிச்சம்."

புகை வெளுத்த பிறகு கிளம்பினாள். முதல் படி. இரண்டாம் படி. பின்னால் நாலு பெட்டிகள் முனகிக்கொண்டு வந்தன. வானம் சுத்தம். அவளுக்கு உள்ளே யாரோ விசிலடிப்பது போலிருந்தது. முடியும், முடியும்.

திருப்பம் வந்தது. நாற்பது காமிரா. "ராணி! ஒரு தடவை காட்டு!" என்று கார்டி கத்தினான், ஓரிகன் மாநிலத்திலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவன்.

கை அவளைக் கேட்கவில்லை. பிடி ஆறில் நின்றது. கறுப்பு மரம் எழும்பியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"என்ன பண்ற நீ?" ரேடியோவில் லைலின் குரல் உடைந்தது. "பத்து... பதினொண்ணு..."

பிடியைச் சடாரென்று இரண்டுக்கு இறக்கினாள். அடர்ந்த புகை கலைய நேரம் பிடித்தது.

"பன்னெண்டு. இனி ஒண்ணு விழுந்தா அவ்வளவுதான்."

ஏற்றம் இன்னும் கால் மைல் இருந்தது. வேகம் ஒன்பதிலிருந்து ஆறு, ஆறிலிருந்து நாலு மைலுக்கு இறங்கியது. கூட்டம் ஊளையிட்டது, சிலர் ரயிலோடு சேர்ந்தே நடந்தார்கள்.

"ஏம்மா, இறங்கித் தள்ளட்டுமா?" என்றான் கார்டி.

ஆர்லீன் கேட்கவில்லை. அவள் கேட்டது டர்போவின் குரலை மட்டும். இத்தனை வருஷம் புகையைப் பார்த்தே ஓட்டியவள், முதல் தடவையாகக் காதால் ஓட்டினாள். மெல்லிய விசில் உயர்ந்தது. அது முழுதாக எழுந்து நின்றதும் மூன்று. மறுபடி காத்தாள். விசில் கூர்மையானது. நாலு. புகைபோக்கிக்கு மேலே காற்று கானலாய் நடுங்கியதே தவிர நிறம் ஏறவில்லை. ஐந்து. தரை அதிர்ந்தது. நாலு மைல் ஏழானது, ஏழு பத்தானது. நடந்தவர்கள் ஓடினார்கள், பிறகு பின்தங்கினார்கள். நாற்பது பேரும் ஊளையை மறந்து, எஞ்சினின் முழுக்குரலையும் கேட்டபடி நின்றார்கள். உச்சி தாண்டியதும் ஆர்லீன் வண்டியை நிறுத்தினாள்.

சோதனையின் ஒரு மணி நேரம் முடிய இன்னும் நாலு நிமிடம் மிச்சமிருந்தது. அவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மாய் வாங் காரில் மேலே வந்து தாளில் கையெழுத்துப் போட்டாள். "பாஸ் மேடம். அந்தத் திருப்பத்துல என்ன ஆச்சு?"

"கைப்பழக்கம்."

"அடுத்த ட்ரிப் எத்தனை மணிக்கு?"

"பதினொன்றரை. ஏறிக்கோங்க, உள்ள ஒரு சீட் இருக்கு."

மூச்சிரைக்க ஓடிவந்த கார்டி கேட்டான், "அப்போ இனிமே புகையே கிடையாதா?"

"புகை வேணும்னா சுருட்டு பத்த வெச்சுக்கோ," என்றாள் ஆர்லீன். "காமிராவை வெச்சிட்டு வந்து கேளு. இது பாடுற பாட்டை நானே இன்னிக்குத்தான் கேட்டேன்."