அடுக்களைக் கதவில் அல்ஜீப்ரா

ஈரமான சாக்பீஸும் மஞ்சளும் கலந்தால் ஒரு வாசனை வரும். எங்கள் வீட்டு அடுக்களையைத் தவிர வேறெங்கும் நான் அதை நுகர்ந்ததில்லை. அதுவும் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும்...

கதவுகளைக் கழுவி, நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தால்தான் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை. அடுக்களைக் கதவின் பச்சைப் பெயின்ட்மேல் வாரம் முழுக்க அண்ணியும் நானும் எழுதிவைத்த அல்ஜீப்ரா அவள் ஈரத்துணிக்கு முன்னால் ஒரு நிமிஷம் தாங்காது.

செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் எங்கள் வீடு. நைனாவும் அண்ணனும் கயிற்றுக்கடை பார்த்தார்கள். பனமலைப் பக்கத்திலிருந்து அண்ணி கல்யாணமாகி வந்தபோது, புடவைகளோடு ஓர் அரியரும் வந்தது. பி.எஸ்சி. கணிதத்தில் அல்ஜீப்ரா பேப்பர் மட்டும் பாக்கி. பழைய சிலபஸுக்கு அடுத்து வந்த தேர்வுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் படித்ததெல்லாம் பட்டமில்லாமல் போய்விடும். அதே பேப்பர் எனக்கும் அந்த செமஸ்டரில்தான்.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை.

"கல்யாணம் ஆனப்புறம் இன்னா பரீட்சை? பாஸ் பண்ணி கயிறா விக்கப் போற?"

அண்ணி மறுநாள் சாம்பார் கொதிக்கும் நேரத்தில் கதவில் எழுத ஆரம்பித்தார். உட்கார்ந்து படித்தால்தானே கேள்வி வரும்? நின்றுகொண்டே, கரண்டியும் கையுமாகப் படித்தால் யாருக்கும் உறுத்தாது. காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் நானும் சேர்ந்துகொள்வேன்.

முதலில் கைடில் இருந்ததை அப்படியே கதவில் இறக்கினோம். பார்த்துப் பார்த்து ஒப்பித்தோம். வெள்ளிக்கிழமை அம்மா கழுவினாள். சனிக்கிழமை அண்ணி சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெறும் கதவைப் பார்த்தபடி நின்றார்... நானும் நின்றேன். இரண்டாவது வரிகூட வரவில்லை.

"கணக்கு எங்க படிச்சோம்? கதவத்தான் படிச்சிருக்கோம்" என்றார். "இதே மாதிரிதான் போன தடவையும் பெயிலானேன்."

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டம். ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரி. வெள்ளிக்கிழமை அம்மா வாளியைத் தூக்குவதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

குரூப் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்ததே அண்ணி சொல்லித்தான். எண்களோ வேறு எதுவோ, ஒன்றோடு ஒன்று சேரும் கூட்டம் அது. அதில் ஐடென்டிட்டி என்று ஓர் உறுப்பு இருந்தே ஆகவேண்டும்.

"ஐடென்டிட்டிய எங்கயும் தேடாத நாத்தனாரே. உங்க அண்ணன்தான் அது. யார்கூட சேந்தாலும் அவங்கள ஒண்ணும் மாத்தாது. அத்தை சொன்னாலும் சரிம்பாரு, நான் சொன்னாலும் சரிம்பாரு, நீ சொன்னாலும் சரிம்பாரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "சரி" என்றான்.

அண்ணிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அம்மாவும் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

ரிசல்ட் வந்த மத்தியானம் கடையில் கூட்டம். போனில் பார்த்துவிட்டு, மாட்டுக்கயிறு கேட்டு நின்றவரை அப்படியே விட்டுவிட்டு அண்ணன் ஓடிவந்திருக்கிறான்.

"ரெண்டு பேரும் பாஸு!"

அண்ணி மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாக்பீஸை எடுத்துக் கதவின் உச்சியில் பெரிதாக 'பாஸ்' என்று எழுதினான். அவன் நல்ல உயரம்.

"அங்க எவன்டா தொடைக்கிறது? என் கை எட்டுமா?" என்று அம்மா கத்தினாள்.

"வெள்ளிக்கிழமை நானே தொடச்சித் தரேன்மா."

துடைக்கவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் 'சரி' என்பான்.

அடுத்த வருஷம், சேத்துப்பட்டு ரோட்டில், அண்ணனின் வண்டி... அதை இங்கே எழுதப் போவதில்லை.

அதன்பிறகு அண்ணி அந்தக் கதவுப் பக்கமே பார்க்காமல் சமைத்தார். பல மாதங்கள். ஒருநாள் அம்மாதான் பேச்செடுத்தாள்.

"அழுது பாஸ் பண்ணியே, இங்க அடுப்பூதவா? போ, மேல படி. வேலைக்குப் போ. அவனும் அதத்தான் சொல்லியிருப்பான்."

"நீங்க?"

"எனக்கின்னா? இவ இருக்கா."

இப்போது அண்ணி வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எப்போதாவது போன் வரும். சாப்டியா, அத்தைக்கு முட்டி வலி எப்படி, பஸ் கிடைக்குதா என்று விசாரிப்பார். அண்ணன் பெயர் வரும் இடத்தில் இருவருமே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

நான் ஒரு கல்லூரியில் அதே பேப்பர் எடுக்கிறேன். போர்டைத் துடைக்கப் போனால், "ஒரு நிமிஷம் மேம்" என்று பிள்ளைகள் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். அவர்களுக்கு எதுவும் அழிவதில்லை. எங்களுக்கு வெள்ளிக்கிழமையானால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் அதற்குள் தெரிந்துகொண்டோம்.

ஐடென்டிட்டி பாடம் வரும்போது புத்தகத்தில் உள்ள உதாரணத்தைத்தான் சொல்கிறேன். அண்ணி சொன்ன உதாரணத்தை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. சொன்னால், ஐடென்டிட்டி இல்லாவிட்டால் மிச்சம் எத்தனை உறுப்புகள் இருந்தாலும் குரூப் ஆகாது என்று அடுத்த வரியில் எழுத வேண்டியிருக்கும்...

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். பெயின்டர் அடுக்களைக் கதவைச் சுரண்டப் போனபோது அம்மா நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"அந்தக் கதவு வேணாம்பா."

"பெயின்ட்டே போயிட்டுது பாரு ஆயி. மேல வேற ஏதோ கிறுக்கி வச்சிருக்குது."

"இருக்கட்டும். அங்க எனக்குக் கை எட்டாது."