பின்னால் போன விளம்பரம்

கொக்குவிலில் எங்களுக்குச் சிறிய அச்சகம் இருக்கிறது. கலியாண அட்டையும், இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலரும் அடிக்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் இணையத்தளத்தில் சமூக ஊடக விளம்பர நிரலை நானே சேர்த்தேன். நாலைந்து வரிதான். தளத்தைப் பார்த்தவர் எங்கே போனாலும் எங்கள் விளம்பரம் அவருடைய போனுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒரே பிரமிப்பு.

ஒருநாள் அரியாலையிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார்.

“பிள்ளை, உங்கடை நினைவு மலர் விளம்பரம் என்ரை போனிலை நெடுக வருது. ஏன்?”

“உங்கடை போனிலை ஆரோ எங்கடை தளத்தைப் பாத்திருக்கினம், ஐயா.”

பெரியவர் நினைவுபடுத்தி மெல்லச் சொன்னார்.

“நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை போன் மகனிட்டைத்தான் இருந்தது. டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம் போலை. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

வீடே மறைத்து வைத்ததை அந்த நாலு வரி அவரிடம் சொல்லிவிட்டது. ஆள் பிழைத்து வந்தது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

“மகன் எப்பவாவது அங்கை வந்தாலும், நான் கதைச்சதைச் சொல்லிப்போடாதேங்கோ. அவன் பாவம்,” என்று போனை வைத்தார்.

கலியாண அட்டைப் பக்கத்தில் அந்த நிரல் இன்னும் இருக்கிறது. நினைவு மலர்ப் பக்கத்திலிருந்து அன்றே எடுத்துவிட்டேன். அங்கே வருகிறவர்கள் வந்த சுவடில்லாமல் திரும்பிப் போகட்டும்.