ஹபீபா பீவி கையெழுத்திட்ட அறுபது படங்கள்

காசு கொடுத்து வாங்கிய பொருளில் வாங்கியவருக்கு எவ்வளவு சொந்தம்? ஹபீபா பீவி இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அறுபது கையெழுத்துகளைப் போடாமல் இருந்திருப்பாரோ என்னவோ.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தின் ஆவணப்பட அறை, பத்தொன்பது வருடங்களாக அவர் பொறுப்பில் இருந்தது. டிவிடியை வெளியே கொண்டுபோக முடியாது. அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மடிக்கணினியில் போட்டு நகலெடுக்கும் மாணவரை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ‘கஸ்டம்ஸ் அக்கா’ என்பது அவர்கள் வைத்த பெயர். அது காதில் விழுந்தபோது உள்ளூரப் பெருமைப்பட்டார். நேர்மையானவர் என்று சொல்லலாம். ஆனால் விதியைக் காப்பவர் எல்லாரும் அதை யோசித்துப் பார்த்தவர்கள் அல்ல.

கொரோனாவுக்குப் பிறகு பாடங்கள் பாதி இணையத்துக்குப் போயின. டிவிடி ஓட்டும் கருவிகளும் ஒவ்வொன்றாகப் பழுதாகின. தலைமை நூலகர் இர்வான், பாடத்துக்கு வேண்டிய அறுபது படங்களைக் கோப்புகளாக மாற்றிக் கல்லூரித் தளத்தில் ஏற்றச் சொன்னார். டிவிடியின் பூட்டை உடைக்கும் மென்பொருளைக் கணினிப் பிரிவு போட்டுக் கொடுத்தது. படத்துக்கு ஒரு படிவம்: ‘இந்தக் கோப்பைப் பயன்படுத்தும் உரிமை கல்லூரிக்கு உண்டு.’ கீழே கையெழுத்து.

ஹபீபா தயங்கவே இல்லை. ஒவ்வொரு உறையிலும் ‘நிறுவன விலை’ என்று மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. கடை விலையைப் போல நாலு மடங்கு. அத்தனை கொடுத்த கல்லூரிக்கு எல்லா உரிமையும் வந்துவிட்டது, மாணவர்களுக்குத்தான் இல்லை என்று நம்பினார். அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. பத்தொன்பது வருடத்தில் அவற்றைப் படிக்க அவருக்குத் தேவை வரவில்லை.

நாலு மாதம் கழித்து பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜாஹிர் வந்தார். துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தோள்பையில் டிவிடிகளோடு இதே அறைக்கு வந்தபோது, அவரிடமிருந்து முதல் பிரதியை வாங்க வைத்தது ஹபீபாதான். இப்போது அவர் டிவிடி விற்பதில்லை. படத்தின் கோப்பை மூன்று வருட உரிமத்துக்குக் கல்லூரிகளுக்குத் தருகிறார். ஈப்போவில் ஒரு கல்லூரி, பினாங்குக் கல்லூரியின் இணைப்பிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம், உரிமம் எதற்கு என்று கேட்டிருக்கிறது. இந்தக் கல்லூரியின் நிர்வாகத்துக்குப் புகார் எழுதிவிட்டுத்தான் வந்திருந்தார். படிவத்தில் யார் கையெழுத்து என்பது இங்கே வந்த பிறகே அவருக்குத் தெரிந்தது.

“கஸ்டம்ஸே கடத்துனா எப்படிலா அக்கா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“நாலு மடங்கு கொடுத்து வாங்குனதுதானே தம்பி.”

“டிஸ்க்குக்குக் கொடுத்தீங்க. டிஸ்க் ஒரு நேரத்துல ஒரு ஆள்கிட்டதான் இருக்கும். இது அப்படியா?”

அவர் போனதும் ஹபீபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஞ்சள் தாளைப் படித்தார். ‘இந்த டிவிடியை இந்த வளாகத்துக்குள் திரையிட மட்டும். நகலெடுக்க அனுமதி இல்லை.’ நின்றபடியே மற்ற ஐம்பத்தொன்பது உறைகளையும் எடுத்துப் படித்தார். எல்லாவற்றிலும் அதே வரிகள்.

இர்வான் கெட்டவர் அல்ல. ஜாஹிரின் படத்தை மட்டும் தளத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றார். ஹபீபாவின் வேலை ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இந்த நேரத்தில் மற்றதைக் கிளறினால் புதுப்பிக்கமாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கணவர் இறந்தபின் சுங்கை பினாங் வீட்டு வாடகை அந்த ஒப்பந்தத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“மத்தவங்க யாரும் கேக்கலையேக்கா. நாமளா ஏன் போய்ச் சொல்லணும்?”

ஹபீபாவுக்கு ஒரு வாரம் அந்த அறைக்குள் உட்காரவே கூசியது. முன்பு தான் பிடித்துக்கொடுத்த மாணவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒருவன் அழுதிருக்கிறான்.

புகாரின் மேல் நிர்வாகம் வைத்த விசாரணைக்கு முந்தின நாள் ஜாஹிர் மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஒரு கடிதம். தன் படத்தை இணையத்தில் ஏற்ற ஹபீபா பீவிக்கு முன்பே வாய்மொழியாக அனுமதி கொடுத்திருந்ததாகவும், புகார் தன் மறதியால் வந்ததென்றும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

“இதைக் காட்டுங்க. உங்க பேரு தப்பிச்சிரும். என் படத்துக்கு நான் சொல்றதுதானேக்கா கணக்கு.”

அதில் இருந்தது பொய்தான். அந்தப் பொய்யால் நஷ்டப்படக்கூடிய ஒரே ஆள் அதை எழுதியவர். அப்படியானால் அதைப் பொய் என்பதா, கொடை என்பதா? எனக்கு இன்னும் தெளிவில்லை. ஹபீபா இரண்டு முறை படித்தார். நன்றி சொல்லி அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் விசாரணையில் எழுத்திலோ வாய்மொழியிலோ அனுமதி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அறுபது கோப்புகளையும் காலையிலேயே தளத்திலிருந்து எடுத்துவிட்டதாகவும், மற்ற உரிமையாளர்களுக்குத் தன் பெயரிலேயே எழுதிவிட்டதாகவும் சொன்னார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அவர் போன பிறகு, அறையைக் காலிசெய்யும்போது துறைமுகப் படத்தின் உறைக்குள் அந்தக் கடிதம் இர்வானுக்குக் கிடைத்தது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, இது கையில் இருந்தும் ஏன் காட்டவில்லை என்று கேட்டார். அந்த டிவிடி இனி யாருக்கும் வேண்டாமென்றால் குப்பையில் போட்டுவிடாமல் எடுத்துவைக்கும்படி ஹபீபா சொன்னார்.