ஆள் காட்டிவிட்டுப் போ

என் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும். அப்பாவும் அம்மாவும் கொச்சி நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவர்கள். மட்டாஞ்சேரியில் வாய் இல்லாத தமிழ்க்காரியை ஏறி மிதித்துவிடுவார்கள் என்று சொல்லியே வளர்த்தார்கள். அந்த வாயைப் பார்த்துத்தான் முதியோர் இல்லத்தில் என்னை இரண்டாம் மாடிக்கு இன்சார்ஜ் ஆக்கியிருப்பார்கள். பன்னிரண்டு வருடம் அங்கே படுக்கை விரித்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிய அட்டெண்டர் நான். ஒரு காலையில் கூப்பிட்டு, மாடிப்படியின் கிரில் கதவுச் சாவியையும் ஒரு ரெஜிஸ்டரையும் கொடுத்தார்கள்.

ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டேன் என்று. ஒரு பக்கம் மேனேஜர், இன்னொரு பக்கம் நேற்றுவரை என்னோடு வேலை பார்த்த பெண்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சாயா குடிக்க நான் போய் உட்கார்ந்தால் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மறதி வந்த அப்பச்சன்களும் அம்மச்சிகளும் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, திறந்துவிடு மோளே என்று கெஞ்சுவார்கள். எனக்கே யாராவது திறந்துவிட்டால் தேவலை என்றிருக்கும். வேலையை விடவும் வழியில்லை. வீட்டுக்காரர் முதுகெலும்பு விலகிப் படுத்திருந்த வருடம் அது.

எங்கள் இல்லத்தில் லீவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. லெட்டர் வேண்டாம், காரணம் வேண்டாம். தன் இடத்தில் நிற்க ஒரு ஆளைக் காட்டிவிட்டுப் போகலாம். நான் அட்டெண்டராக இருந்தபோது நாங்களே எங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. இன்று நீ எனக்காக நில், நாளை நான் உனக்காக நிற்கிறேன். ஆள் கிடைக்காவிட்டால் எப்படியோ சமாளித்து அனுப்பிவிடுவோம். இன்சார்ஜ் ஆனதும் நான் அதைச் சட்டமாக்கினேன். ஆள் இல்லையா, லீவு இல்லை. என் மாடியில் ஒரு ஷிப்ட்கூடக் காலியாகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தேனிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருடமாக எங்களோடு இருந்த ஒரு பெண், ஒரு திங்கட்கிழமை என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அம்மாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குதாம். எம் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காங்களாம். ரெண்டு நாள் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

"போய்க்கோ. யாரு வேண்டான்னு பறஞ்சா? ஆளைக் காட்டிட்டுப் போ."

அவள் தேடினாள். ஒருத்திக்கு ஆலுவாவில் தங்கச்சி கல்யாணம். ஒருத்திக்குக் காய்ச்சல். மூன்றாமவள் ஏற்கெனவே இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் வந்து, "கிடைக்கலக்கா" என்பாள். "நாளைக்கு நோக்கு" என்பேன் நான், ரெஜிஸ்டரிலிருந்து தலை தூக்காமல். அவள் இடத்தில் நானே நின்றிருக்கலாம். அது எனக்குத் தெரியாமலில்லை. ஒருத்திக்கு நின்றால் எல்லோரும் கேட்பார்கள், பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மறுபடியும் பெட்பேன் தூக்க எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. தூ, என்ன பெரிய கௌரவம்.

வியாழக்கிழமை கீழே ஹாலில் இன்சார்ஜ்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு வைத்தார்கள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் தலைமையில் இருப்பவர்கள் மனம் தளராமலும் இரக்கத்தோடும் இருப்பது எப்படி என்று. பாடம் நடத்த வந்தவர் தோப்பும்படிப் பாலத்தில் டிராபிக்கில் மாட்டி, ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று மேனேஜர் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"இவரெ கண்டு படிக்கணும். ஒரு ஷிப்டும் காலியாயிட்டில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வந்தவர் எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தார். ஒருவர் மூன்று நிமிடம் மனதில் உள்ளதைப் பேச வேண்டும். மற்றவர் வாயைத் திறக்கவே கூடாது, கேட்க மட்டும் வேண்டும். என் எதிரே சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் சேச்சி. என்னோடு அவர் பாதித் தமிழில் பேசுவார். விசில் ஊதியதும் அவர் என் முழங்காலில் கை வைத்தார்.

"உன் மாடியில உள்ள தேனிக்காரிப் பெண்ணு காலைல சாயா குடிக்க வந்நில்ல. நான் பின்னாடி போய் நோக்கினேன். போனைப் பிடிச்சு அழுதுட்டு நிக்குந்நு. அவளோட அம்மை மரிச்சுப் போயி. விடியக்காலையிலே போயி."

நான் வாயைத் திறந்தேன். பாடம் நடத்துகிறவர் தூரத்திலிருந்தே விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். சேச்சி என் முழங்காலை விடவில்லை.

"உங்கிட்ட பறயண்டான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. ஆள் கிடைக்காத்ததுக்கு அக்கா திட்டும், மத்தியானம் எல்லாருக்கும் ஊட்டிட்டுப் போறேன்னு சொல்லுந்நு. நீ மனுஷத்திதானாடீ?"

மிச்ச நேரம் முழுவதும் அவர் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் ஆயுசில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். விசில் ஊதியதும் ஓடினேன். இரண்டு மாடி ஏறி கிரில்லைத் திறந்தேன்.

அவள் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு அம்மச்சிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் உதட்டோரம் துடைத்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது.

"எங்கிட்ட ஏன்டீ சொல்லல?"

அவள் திரும்பவில்லை. "சொல்லியிருந்தா விட்ருப்பீங்களாக்கா?"

செத்த பிறகு விட்டிருப்பேன். அதை எந்த வாயால் சொல்வது? கிண்ணத்தைப் பிடுங்கினேன். கீழே போ, ஆட்டோவைப் பிடி, வைட்டிலாவில் எந்த பஸ் கிடைக்கிறதோ ஏறு என்று கத்தினேன். அம்மச்சி பயந்து அழ ஆரம்பித்தாள். அவள் அப்போதும் அம்மச்சியின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்களாம். அதையும் அவள் சமையலறைச் சேச்சியிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரமே, ஆள் காட்டும் சட்டத்தை எடுக்க வேண்டும் என்று மேனேஜரோடு சண்டை போட்டேன். பிறகு என் மாடிப் பெண்களைக் கூட்டி, இனி ஆள் காட்ட வேண்டாம், எந்த அவசரமானாலும் நான் நிற்கிறேன் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்திகூட வந்து கேட்கவில்லை.

பதினாறு முடிந்து அவள் திரும்பினாள். அவளிடமும் அதையே சொன்னேன், தலையாட்டினாள். நான்கு நாள் கழித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"அம்மாவுக்கு முப்பதாம் நாள் வருது, மேடம். ஒரு நாள் லீவு வேணும்."

"ஒரு வாரம் போயிட்டு வா. நான் நிக்குறேன்."

"வேண்டாம் மேடம்," என்றாள். "ஆள் பேசி வெச்சுட்டேன்."