என் மகனுக்கு மிச்சமிருந்த ஒரு வருடம்

மாஸ்ரர்ஸ், அதாவது முதுகலைப் படிப்பு என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அது தெரிந்துதானோ என்னவோ, என் மகன் அந்தச் சொல்லிலிருந்தே கதையைத் தொடங்கினான். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான். மத்தியானம், சோற்றைக் கோழிக்கறியோடு குழைத்தபடி, "அம்மா, நான் ரொறன்ரோவுக்கே திரும்பி வாறன். இஞ்சை மாஸ்ரர்ஸுக்கு இடம் கிடைச்சிருக்கு. ஒரு வருஷம்தான்," என்றான்.

நான் கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் யூனியன்வில்லில் இருக்கும் என் தங்கைக்குப் போன் எடுத்தேன். பொழுதுபடுவதற்குள் நான் சொல்லாத ஆட்களெல்லாம் என்னை அழைத்து வாழ்த்தினார்கள். பிள்ளை வீட்டோடு இருந்து படிக்கப்போகிறான், என் கையால் சாப்பிடப்போகிறான், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பாழாய்ப்போன ஃபுட்போல் முடிந்துவிட்டது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

ஃபுட்போல் என்றால் நாங்கள் பள்ளிக்கூடத்தில் பார்த்த உதைபந்தாட்டம் அல்ல. தலையில் ஹெல்மெட்டும் தோளில் கவசமும் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துவது. என் மகன் முன்வரிசையில் நிற்பவன். பந்தை எறிகிறவனை எதிராளிகள் நெருங்கவிடாமல் நெஞ்சைக் கொடுத்து மறிப்பது அவனுடைய வேலை. நாலு வருடம் விளையாடியும் அவன் கையில் பந்தை நான் கண்டதில்லை. நானோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பகுதியில், வருகிறவர்களைப் பதிகிற மேசையில் இருப்பவள். ஃபுட்போல் நடக்கும் மாதங்களில், திங்கட்கிழமைக் காலை என்றால் முழங்கால்களும் தோள்மூட்டுகளும் வரிசையாக வந்து நிற்கும். அவன் வெளியூரில் இருக்கிறான் என்று தெரிந்தும், நொண்டிக்கொண்டு வருகிற ஒவ்வொருவனும் என் மகன் இல்லை என்று கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஆகவே மாஸ்ரர்ஸின் உண்மையான காரணம் வெளிவந்தபோது கொதித்துப்போனேன். பல்கலைக்கழக ஃபுட்போலில் ஒருவர் ஐந்து பருவம் விளையாடலாம். இவன் நாலு முடித்திருந்தான். சாதாரணமாக ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால், ஒரு வருடம் விளையாடாமல் வெளியே இருக்கவேண்டும். ஆனால் பட்டப்படிப்பை முடித்துவிட்டு மேற்படிப்புக்கு மாறுகிறவருக்கு அந்தத் தடை இல்லை. அவர் வந்தவுடனேயே மைதானத்தில் இறங்கலாம்.

"அப்ப நீ படிக்கிறதுக்கு வரேல்லை?"

"படிக்கவும்தான் அம்மா. பட், எனக்கு இன்னும் ஒரு வருஷம் மிச்சமிருக்கு."

"உனக்கு முழங்கால் ரெண்டுதான்ரா இருக்கு!"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் என் தங்கை அதற்குள் பாதி மார்க்கம் நகரத்துக்குச் சொல்லி முடித்திருந்தாள். மாஸ்ரர்ஸ் வேண்டாம் என்று நான் இனி எந்த வாயால் சொல்வது?

இதற்கு முந்திய ஒக்ரோபரில் எங்களோடு இருந்த என் மாமனார் காலமாகியிருந்தார். மகனுடைய பட்டமளிப்பு ஜூன் மாதத்தில் வந்தது. என் கணவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். "அப்பான்ர ஆட்டைத் திவசம் முடியேல்லை. அதுக்குள்ள பட்டமளிப்பு, படம், விருந்து எண்டு ஒண்டும் வேண்டாம். பிறகு ஆறுதலாச் செய்வம்." வீட்டில் ஒருவர் போனால், ஆட்டைத் திவசம் என்கிற முதலாண்டு நினைவுநாள் முடியும்வரை கொண்டாட்டம் வைப்பதில்லை என்பது எங்களில் வழக்கம். நானும் தலையாட்டினேன். மகன் "ஓம் அப்பா" என்றான். பட்டம் வாங்குவதை அடுத்த பட்டமளிப்பு நடக்கும் நவம்பருக்குத் தள்ளிவைத்தான். அதில் ஒரு பிழை இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஓகஸ்ட் மாதம் புதிய அணியோடு பயிற்சி தொடங்கியது. ஒருநாள் பின்னேரம் வழமையைவிட நேரத்தோடு வீட்டுக்கு வந்தான். வியர்வை நாறுகிற அந்தப் பெரிய பையைக் குசினி வாசலில் போட்டுவிட்டு நின்றான்.

"என்னை விளையாட விடமாட்டினமாம்."

யார் விளையாடலாம், யார் கூடாது என்று பார்க்கிற அலுவலகம் அவனைக் கூப்பிட்டிருக்கிறது. பட்டம் இன்னும் கிடைக்கவில்லை, ஆகவே நீ பட்டதாரி இல்லை, சும்மா மாறி வந்தவன், ஒரு வருடம் வெளியே இரு என்று சொல்லியிருக்கிறார்கள். மாஸ்ரர்ஸ் ஒரு வருடம்தான். அந்த வருடம் வெளியே இருந்தால் பிறகு விளையாட வருடமே இல்லை. அவனுடைய ஃபுட்போல் அந்த வாசலிலேயே முடிந்துபோனது.

எனக்கு முதலில் வந்த உணர்வை மறைக்கமாட்டேன். அப்பாடா என்றிருந்தது. முகத்தை அவன் பார்த்துவிடக்கூடாது என்று தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வேலைக்குப் போகும் பஸ்ஸில்கூட எனக்குள் பாட்டு ஓடியது.

அவன் தொடர்ந்து பயிற்சிக்குப் போய்வந்தான். பயிற்சி எடுக்கலாம், போட்டியில் இறங்கத்தான் கூடாது. வந்து சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், கதவைச் சாத்திக்கொண்டான். "நீங்கள் சொன்னபடியால்தான் இப்பிடி வந்தது" என்று தகப்பனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என் கணவரைப் போட்டு வாட்டியது. "இஞ்சரும், உவன் என்னை ஒரு பேச்சுப் பேசியிருந்தாலும் எனக்கு நிம்மதி," என்றார். அவர் தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. அதோடு என் பாட்டும் நின்றுவிட்டது.

நான் மகனிடம் கேட்டேன். "பட்டத்தை ஏன் தள்ளிப்போட்டனி எண்டு அவைக்கு விளங்கப்படுத்தினனியோ?"

"ஃபமிலி ரீசன் எண்டு சொன்னன்."

"அவ்வளவுதானோ?"

"வேற எப்பிடிச் சொல்லுறது அம்மா? அந்த ஒஃபிஸில நிண்டு அப்பப்பான்ர சாவைச் சாட்டுச் சொல்லி விளையாடக் கேக்க எனக்கு விருப்பமில்லை."

"நாளைக்கு நாங்களும் வாறம்," என்றேன்.

"அம்மா, ப்ளீஸ் வராதேங்கோ. ஐ ஆம் ட்வென்ரி த்ரீ."

"வயசைப் பிறகு சொல்லு. சப்பாத்தைப் போடு."

மூன்று பேரும் சப்வேயில் போனோம். எங்களைத் தெரியாதவன் போல ஒரு இருக்கை தள்ளி இருந்தான். அலுவலகத்தில் என் வயதொத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களை இருத்தினாள். பிள்ளைக்கு முன்னால் மட்டும்தான் கதைப்பேன் என்று சொல்லி அவனை நடுவில் இருக்கச் சொன்னாள். என் கணவர் நல்ல ஆங்கிலம் பேசுகிறவர். வழியெல்லாம் என்ன சொல்வது என்று தயார்படுத்தி வந்தார். "என் தகப்பனார்" என்று தொடங்கினார். அதற்கு மேல் குரல் வரவில்லை.

அந்த நேரம் நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பிள்ளையின் எலும்பெல்லாம் முழுதாக வீட்டில் இருக்கும் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். பக்கத்தில் பார்த்தால், ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தன் பெருவிரலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் அப்படித்தான் இருப்பான்.

நான்தான் சொன்னேன். பாடங்கள் எல்லாவற்றிலும் அவன் வசந்த காலத்திலேயே சித்தியடைந்துவிட்டான், மிச்சம் ஒன்றுமில்லை. பட்டத்தை நாங்கள்தான் நிறுத்திவைத்தோம். என் மாமனார் போய் ஒரு வருடம் ஆகவில்லை. அந்த வருடத்தில் எங்கள் வீட்டில் எதையும் கொண்டாடுவதில்லை.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகனைப் பார்த்தாள். "எல்லாம் முடித்துவிட்டாயா? ஒரு பாடம்கூட மிச்சமில்லையா?" என்று கேட்டாள். அவனுக்கு இன்னும் ஏதோ பாடம் கிடக்கிறது, அதனால்தான் நவம்பருக்குப் போயிருக்கிறது என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அவர்களையும் பிழை சொல்ல முடியாது. படித்து முடித்த ஒருவன் பட்டத்தை வேண்டுமென்றே பிறகு வாங்குகிறேன் என்று தள்ளிவைப்பான் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்குத்தான் தோன்றும்? படிப்பு முடிந்திருக்கவேண்டும் என்பதுதான் விதி, மேடையில் ஏறி இறங்குவது அல்ல என்று அவள் சொன்னாள். பழைய பல்கலைக்கழகத்தோடு பேசிப் பார்க்கிறேன், உறுதி தரமாட்டேன் என்றாள். நாங்கள் எழும்பும்போது என் கணவரின் கையைப் பிடித்துத் தன் அனுதாபத்தைச் சொன்னாள்.

அந்தக் கிழமைக்குள் பதில் வந்தது. விளையாடலாம். மகன் ஓடிவந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். என் கணவர் படிக்கட்டில் இருந்து அழுதார். அவர் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது. என்னுடைய பாரம் மட்டும் திரும்ப ஏறிக்கொண்டது.

ஒரு போட்டி விடாமல் போனேன். நான் பந்தைப் பார்ப்பதில்லை, அவனுடைய இலக்கத்தை மட்டும் பார்ப்பேன். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கும் குவியலிலிருந்து அந்த இலக்கம் எழும்பும்வரை எனக்குச் சீவன் இல்லை. என் தங்கை போனில், "எத்தினை கோல் அடிச்சவன்?" என்று கேட்டாள். "அவன் அடிக்கிறேல்லையடி. அவனைத் தாண்டி ஒருத்தரும் போகேல்லை," என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

கடைசிப் போட்டியில் தோற்றார்கள். விசில் ஊதியதும் அணியில் பலர் குந்தியிருந்து அழுதார்கள். நான் பார்வையாளர் பலகை ஆசனத்தில் சாய்ந்து நீண்டதொரு மூச்சு விட்டேன். கலியாண வீட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஐந்து பருவமும் முடிந்தது. இனி எந்த விதியைக் காட்டியும் அவனை யாரும் மைதானத்தில் இறக்க முடியாது.

என் கணவர் காரை எடுக்கப் போனார். மகன் ஈரத் தலையோடு, இரண்டு காலாலும் ஒழுங்காக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

"கவலையோடா?"

"கவலைதான்." தோளிலிருந்த பையை நிலத்தில் வைத்தான். "ஆனா அம்மா, பெரிய ரிலீஃபாவும் இருக்கு. ஒவ்வொரு கேமுக்கு முதலும் எனக்குப் பயம்."

"உனக்கோ? அஞ்சு வருஷமுமோ?"

"ஓம். கேமுக்கு முதல்நாள் சாப்பாடு இறங்காது. சொன்னால் நீங்கள் விடமாட்டீங்கள்."

"அப்ப அந்த ஒஃபிஸில விளையாட வேண்டாம் எண்டு சொன்ன நேரம் சந்தோஷமா விட்டிருக்கலாமேயடா!"

"அப்ப விட்டால் அவை முடிச்சு வச்சதா இருக்கும். இப்ப நான் முடிச்சது."

இவனுக்குப் பயமே கிடையாது, இவனுக்கும் சேர்த்து நான்தான் பயப்படவேண்டும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இந்த வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரும் பயந்திருக்கிறோம். எட்டாத தோளை எட்டிப் பிடித்து அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் உடம்பு நடுங்கியது. குளிரில்தான் என்று அவன் சொன்னான், நானும் ஓம் என்றேன்.