நெருங்கிய உறவினர் மட்டும்

ஆஸ்பத்திரி ஐ.சி.யு. வாசலில் செக்யூரிட்டி வேலை என்பது மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி மாதிரி: உள்ளே விட்டால் நர்ஸ் திட்டுவார், விடாவிட்டால் சொந்தக்காரர்கள் திட்டுவார்கள். கல்யாணப் பந்தி வாசலில் நின்று ஆளை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். என் தலைக்கு மேலே ‘நெருங்கிய உறவினர் மட்டும்’ என்று ஒரு பலகை. எவ்வளவு நெருக்கம் என்று அதில் எழுதவில்லை. ராயபுரத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதே யோசனைதான்.

பேர் தெரியாத சொந்தம்

திருவொற்றியூரிலிருந்து ஒரு குடும்பமே வேன் வைத்து வந்து இறங்கியது. முன்னால் வந்தவரிடம் என்ன உறவு என்றேன். தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பெரியம்மா மகன் என்று ஆரம்பித்து, நடுவில் அவரே குழம்பி, “ஒண்ணுக்குள்ள ஒண்ணு சார்” என்று முடித்தார். சரி, நோயாளி பேரையாவது சொல்லுங்கள் என்றேன். விழித்தார்.

“குண்டு மாமான்னுதான் கூப்புடுவோம். ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு ஆனப்புறம் பேரு இன்னாத்துக்கு நைனா?”

கதவாண்ட நிற்பவர்

கட்டின புருஷனைவிட நெருக்கம் உண்டா? நம்பி ஒரு பெரியவரை உள்ளே விட்டேன். போன வேகத்தில் நர்ஸ் அவரை வெளியே கூட்டிவந்தார். இவரைப் பார்த்ததும் சம்சாரத்துக்கு பிரஷர் ஏறுகிறதாம். எனக்கே சங்கடமாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை.

“பரவால்ல சார், வூட்லயும் நான் கதவாண்டதான் நிப்பேன்.”

ஒரே போட்டு

முகத்துவாரக்குப்பத்துச் சேகரின் படகு அலையில் கவிழ்ந்துவிட்டது. நினைவில்லாமல் கிடந்தவரைக் கரைக்கு இழுத்து, இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் அதே படகில் கூடவே மீன்பிடிக்கப் போகும் தேசிங்கு. ஈர லுங்கியோடு நின்றார். என்ன உறவு என்று கேட்டேன். மச்சான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். “உறவெல்லாம் இல்ல சார், ஒரே போட்டு” என்றார். சேகருக்கு நினைவு வந்துவிட்டது, ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவர்தான் பார்க்கலாம் என்றார்கள். சேகரின் அண்ணன் வந்துவிட்டார், அவரை அனுப்பினேன். தேசிங்கு சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார். எனக்கு மனசே கேட்கவில்லை.

போன அண்ணன் உடனே திரும்பி வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“‘தேசிங்கு கரையேறிட்டானா’ன்னே கேட்டுகினு கீறான் சார். நான் சொன்னா நம்பமாட்டேங்கறான். அவன உள்ள உடுங்க.”

இப்போதெல்லாம் என்ன உறவு என்று நான் யாரையும் கேட்பதில்லை. ‘உள்ளே இருக்கிறவர் உங்களைத் தேடுவாரா?’ என்று கேட்கிறேன், பாதிப் பேர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.