கோடு குறைந்த கப்பு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரும் கண்டுபிடித்துக் கேலி செய்யும் வேலை மிச்சம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். வீட்டுக்காரர் பாலக்கரைக்குப் போய்க் காய் வாங்கி வரப் பத்து நிமிடம் கூடினால் போதும், எந்த லாரி, எந்த ஆஸ்பத்திரி, யாருக்கெல்லாம் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதுவரை மனம் ஓடிப்போய்விடும். அவர் பையை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

இப்படிப்பட்டவளை நம்பி மூன்று பேர் ஊர்ச் சேதியை ஒப்படைத்துவிட்டு மூன்று நாட்டுக்குப் போயிருக்கிறார்கள். நாலு பேரும் விருத்தாசலத்தில் ஒன்றாகச் செராமிக் டிப்ளமோ படித்தவர்கள். ஒருத்தி கல்யாணமாகிக் கனடா போனாள். வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள் இப்போது மலேசியாவில் இருக்கிறாள். மூன்றாமவள் எங்கள் ஊர் கடைத்தெருப் பாய் வீட்டுப் பெண். புருஷனோடு மஸ்கட்டில் இருக்கிறாள், அங்கே ஒரு ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் விட்டுப்போய், கனடாக்காரி, மலேசியாக்காரி, மஸ்கட்காரி என்றே ஆகிவிட்டது. நான் ஊர்க்காரி.

படித்த படிப்பை வைத்துச் சாப்பிடுகிறவள் நான் ஒருத்திதான். கரண்டு கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் யூனிட்டில், சூளையை விட்டு வருகிற சரக்கில் விரிசல் பார்ப்பது என் வேலை. விரலால் சுண்டினாலே சத்தத்தில் பாதி தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சிவப்புச் சாயத்தில் முக்கித் துடைப்போம். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாயம் காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வருஷத்தில் என் கண்ணுக்கு முகம்கூட அப்புறம்தான், முதலில் தெரிவது விரிசல்.

கடைசி வருஷம் ஆளுக்கு ஒரு டீ கப்பு செய்தோம். ஒரே மோல்டு, ஒரே சூளை, ஒரே நீல நிறம். யார் எங்கே போனாலும் அந்தக் கப்பும் கூடப் போயிற்று. தினமும் காலையில் டீ ஊற்றி அந்தக் கப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும், கூடவே ஒரு சின்னச் சேதி. மலேசியாக்காரியுடையது எங்களுக்கு முன்னாலேயே விடிந்து வந்து கிடக்கும். கனடாக்காரிக்கு அது இரவு, அதனால் அவள் கப்பில் பால். பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டது, பனியில் கார் கிளம்பவில்லை, இங்கே கத்திரிக்காய் விலை, கூட்ரோட்டில் பஸ் நிற்காமல் போனது, இப்படித்தான் எங்கள் சேதி. என் கப்புக்குப் பின்னால் சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் எப்போதும் விழும். கனடாக்காரி அதைப் பெரிதாக்கிப் பார்த்து ராசிபலன் படிப்பாள். அங்கேயும் அதே பலன்தானா என்று மற்றவர்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள்.

பெரிய சேதி குரூப்பில் வரக் கூடாது. அந்தச் சட்டம் போட்டது நான். கனடாக்காரியின் அப்பா இறந்தபோது அவசரத்தில் குரூப்பிலேயே போட்டுவிட்டேன். வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டு வந்தவள், அத்தனை முகம் தெரியாத ஜனங்களுக்கு நடுவே அதைப் படித்தாள். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் கம்பியைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டாளாம். அதைக் கேட்ட அன்றைக்கே சொல்லிவிட்டேன், பெரிய சேதி என்றால் போன் செய்து, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். குரூப்பில் டீ மட்டும்.

போன மாதம் ஒரு காலை, யூனிட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மஸ்கட்காரியின் கப்பு வந்தது. “டீ ஆச்சு” என்று மட்டும் எழுதியிருந்தாள். அவள் கப்பில் ஒரு கோடு உண்டு. கைப்பிடிக்குப் பக்கத்தில் விளிம்பில் தொடங்கி, மேலே பூசிய கிளேஸுக்குள் முடி போலக் கீழே இறங்கும். டீ ஊறி ஊறி அது பழுப்பேறி, வருஷத்துக்குக் கொஞ்சமாக நீண்டு, சமீபத்தில் அடியைத் தொட்டிருந்தது. சீக்கிரம் ரெண்டாப் போயிடும் பாரு என்று நானே அவளைப் பயமுறுத்தியிருக்கிறேன். அன்றைய போட்டோவில் அந்தக் கோடு பாதிக் கப்பில் நின்றிருந்தது.

விரிசல் நீளும். நின்ற இடத்தில் நிற்கவும் நிற்கும். குறையாது. இதற்கு டிப்ளமோ வேண்டியதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து குரூப்பில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளில் அதே போட்டோ இருந்தது. அதே மேஜை விரிப்பு, ஓரத்தில் பாதி கடித்த அதே பிஸ்கட். அப்புறம் முந்தின நாள் போட்டோவைப் பார்த்தேன், அதுவும் பழையது. அதற்கு முந்தின நாளும். ஒன்பது நாளாக எங்களுக்கு வந்தது எல்லாம் எப்போதோ குடித்து முடித்த டீ.

அவ்வளவு சீக்கிரம் அந்தப் பக்கம் புத்தி போனதற்குக் காரணம் உண்டு. அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். போன ஆடியில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். ஒவ்வொரு காலையும் வராந்தாவில் நின்று, போனில் இருந்த பழைய போட்டோ ஒன்றை எடுத்துக் குரூப்பில் போட்டேன். போன் செய்து சொல்லியிருக்கலாம், நான் போட்ட சட்டமே அதுதான். வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம். அவர் பிழைத்து வந்தார், நானும் ஒன்றும் நடக்காதது போல இருந்துவிட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை.

அதனால்தான் எனக்குத் தெரியும், பழைய டீயை அனுப்புகிறவள் நல்லபடியாக இல்லை.

போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில், “கிளாஸ்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று எழுத்தில் வந்தது. காலண்டரைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை ஸ்கூல் கிடையாது. இதை எழுதுவது அவள்தானா, இல்லை அவள் போனை வைத்துக்கொண்டு வேறு யாராவதா? என் மனம் யோசிக்காத கண்ராவி இல்லை. நேரே அவள் புருஷன் மேல் போய் நின்றது. கல்யாணத்தில் எங்களுக்கு எழுந்து எழுந்து பிரியாணி வைத்த மனுஷன் அவர். அவரைப் போய், அடித்திருப்பார், அறையில் பூட்டியிருப்பார் என்று வரிசையாக நினைத்தேன்.

அவளுக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கடைசி வருஷம் ஆசிரியருக்குத் தெரியாமல் நாம் உடைத்தது என்ன என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை, அழித்தேன். தப்பான பதில் வந்தால் நான் என்ன செய்வேன்? கனடாக்காரியிடம் சொன்னதற்கு, உனக்கு வேறு வேலையே இல்லை, சோம்பேறித்தனத்தில் பழசைப் போட்டிருப்பாள் என்றாள். மூன்று நாள் இப்படிப் போயிற்று. யூனிட்டில் நான் நல்லது என்று தள்ளிய சரக்கில் இரண்டு விரிசலோடு போய், மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நாலாம் நாள் வேலை முடிந்ததும் ஆட்டோ பிடித்து அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். சேமியா கிண்டி வைத்தார்கள். மகள் தினமும் போன் செய்கிறாளா என்று கேட்டேன். செய்கிறாளாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளாக வீடியோவில் வருவதில்லையாம். போனில் கேமரா ரிப்பேர் என்றாளாம்.

முகத்தை மறைக்கிறாள். ஏன் முகத்தை மறைக்கிறாள்? அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவ நல்லாத்தான இருக்குறா? உங்க குரூப்புல டெய்லி போட்டோ போடுறால்ல?”

“போடுறாம்மா. இன்னிக்குக்கூடப் போட்டா.”

போனைத் திறந்து அந்தப் பழைய கப்பைக் காட்டவும் செய்தேன். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, அல்லா புண்ணியம் என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி வைத்தார்கள். எப்படிச் சாப்பிட்டு முடித்தேன் என்று தெரியவில்லை. போயிட்டு வரேம்மா என்று சொல்லித் தெருவுக்கு வந்தபோது, ஆட்டோக்காரரிடம் எங்கே போக வேண்டும் என்று சொல்லக்கூட நிதானம் இல்லை.

ஜங்ஷன் ரோட்டில் கேட் மூடியிருந்தது. ரயிலுக்காக ஆட்டோ நின்றபோது போன் அடித்தது. மஸ்கட்காரி. வீடியோ. எடுக்க விரல் வரவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, எடுங்கக்கா என்றார்.

தலையணையில் சாய்ந்திருந்தாள். முகத்தில் அடியும் இல்லை, காயமும் இல்லை. பின்னால் பச்சைத் திரை, கையில் ஊசி ஒட்டிய பிளாஸ்திரி. ஆஸ்பத்திரி. வீடியோவில் வந்தால் அம்மா அந்தத் திரையைப் பார்த்துவிடுவார்கள் என்றுதான் கேமராவை ரிப்பேராக்கியிருக்கிறாள். மார்பில் கட்டி. எடுத்துவிட்டார்களாம், புண்ணில் சீழ் பிடித்ததால் வீட்டுக்கு விடவில்லையாம். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வர நாளாகும் என்றாள். அவள் புருஷன்தான் தினமும் காலையில் போனில் தேடிப் பழைய கப்பு ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாராம். அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, நல்லாருக்கீங்களா என்று கேட்டார். மூன்று நாளாக அந்த மனுஷனை என்னவெல்லாம் ஆக்கிவைத்திருந்தேன் என்று நினைத்து எனக்குக் கூசியது.

“இவருக்கு என்னடி தெரியும், கோடு எங்க நிக்குதுன்னு. நீதான் அம்மா வூட்டு வரைக்கும் போயிட்ட. அம்மா போன்ல சொன்னதுமே நீ கோட்டப் பாத்துட்டன்னு தெரிஞ்சுது.”

அழுதுகொண்டே திட்டினேன். நான் எதற்கு இருக்கிறேன், ஒரு போன் செய்ய முடியாதா, இத்தனை நாள் ஒருத்தியாக எப்படி வைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். ரயில் வந்துவிட்டது. அது கடந்து போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் ஓய்ந்த பிறகு அவள் சொன்னாள்.

“நீ மட்டும் சொன்னியா? போன ஆடியில பதினோரு நாளு உன் காலண்டருல பழைய தேதிதான் இருந்துச்சு. ஏப்ரல் மாசத் தாளு.”

கனடாக்காரி ராசிபலன் படிக்கிற அதே காலண்டர். கப்பில் கோட்டைத் தேடுகிற நான், என் சுவரில் இருந்ததைப் பார்க்கவில்லை. கனடாக்காரிகூட அந்த நாட்களில் பலன் பார்க்க மறந்திருந்தாள் போலிருக்கிறது.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

“கேட்டா நீ சொல்லிடுவ. கேக்காத வரைக்கும் உன் வூட்ல எல்லாரும் நல்லா இருக்குறாங்கன்னு வச்சுக்கலாம்ல. எங்கம்மாகிட்டகூட விசாரிக்கல, அவ்ளோ பயம். தினம் தொழுவுறப்ப உன் பேரச் சொன்னேன், அதான் முடிஞ்சுது. பன்னண்டாம் நாளு அன்னித் தேதியே வந்தப்ப ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதேன்டி.”

கேட் திறந்து, பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றாள். சரி என்றேன்.

மறுநாள் காலை குரூப்பில் அவள் போட்டோ வந்தது. நீலக் கப்பு இல்லை. ஆஸ்பத்திரித் தட்டில் ஒரு பேப்பர் கப்பு, பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டிய கை. “இன்னிக்கு டீ. சக்கரை கம்மி” என்று எழுதியிருந்தாள். பெரிய சேதி குரூப்பில் வரக் கூடாது என்ற என் சட்டம் அன்றைக்கு ஒழிந்தது. மலேசியாக்காரி ஒன்றும் எழுதாமல் போன் செய்தாள். கனடாக்காரி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரரின் நெஞ்சுவலியை அன்றுதான் மூன்று பேருக்கும் வாய்விட்டுச் சொன்னேன்.

ரிசல்ட் வியாழக்கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வருகிறது. முன்பெல்லாம் டீ கொதிக்கும்போதே சர்ரென்று கிழித்துக் குப்பையில் போடுவேன். இப்போது தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், டீ பொங்கி அடுப்பில் ஊற்றிவிடுகிறது. வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, நான் கிழிக்கட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று நானே கிழிக்கிறேன்.

இதை எழுதுவது புதன்கிழமை. இன்றைய தாளுக்கு அடியில் நாளைய தேதி தடித்த எழுத்தில் லேசாகத் தெரிகிறது. நாளைக்கும் இந்தத் தாளைக் கிழிக்காமல் அப்படியே விட்டுவிடத்தான் எனக்கு ஆசை. விட்டால் போட்டோவில் மஸ்கட்காரி பார்த்துவிடுவாள்.